உப்புக்காரிக்குக் கருமாதி

எங்கள் வீட்டில் சாவு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். செத்தவள் ஜப்பான்காரி. சாகவிட்டவன் நான் கட்டிக்கொள்ளப் போகிற தினுஷன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வீரசிங்கம் கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் நாட்டாமை. நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை. இங்கே லொறியில் இருந்து மூட்டை இறக்குகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர், மீசை முளைக்கும் முன்பே தோளில் சாக்கு வைத்தவர். போன மாரியில் நனைந்த பலகையில் கால் வழுக்கிவிட்டது. அப்பா கீழே, அரிசி மூட்டை மேலே. இடுப்பில் ஏதோ நகர்ந்துவிட்டது, கொஞ்ச காலத்துக்குத் தேங்காய்கூடத் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

தூக்கிப் பழகிய மனிதரைச் சும்மா உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அம்மாவின் சமையலில் குறை கண்டார். அது முடிந்ததும் பக்கத்து வீட்டு ரபீகா அக்காவின் கோழிகளில் குறை கண்டார். அந்த நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் இளங்கோ லீவில் வந்து, தன் கேம் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். பெட்டிக்குள் ஒரு சாமுராய் இருந்தான்.

"நான் என்னா சின்னப் புள்ளயா?" என்று கேட்டார் அப்பா. பொழுது சாய்வதற்குள் "தள்ளு, மறைக்காத" என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். கென்ஸோ ஒரு சாமுராய். அவனுடைய மலைப் பள்ளத்தாக்கை எதிரிப்படை பிடித்துவிடுகிறது. அவனுக்கு மேலே ஒரு பிரபு. அவர் வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்து சட்டம் சொல்வார்: சாமுராய் என்பவன் எதிரியின் முன்னால் போய் நிற்க வேண்டும். தன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வாளை உருவ வேண்டும். ஒளியக் கூடாது, விஷம் வைக்கக் கூடாது, முதுகில் வெட்டக் கூடாது. ஆனால் கேம் எதையும் தடுக்காது. உன் இஷ்டம் என்று விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் வரும் இங்கிலீசை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன்.

முதல் சண்டையில் அப்பா சட்டப்படி முன்னால் போய் நின்றார். தகப்பன் பெயருக்கு வரும்போதே நெஞ்சில் அம்பு.

"அட்ரஸ் சொல்லிட்டுத்தான் அடிக்கணுமாம்! இவன் என்னா சண்டைக்கு வந்தானா, தபால் குடுக்க வந்தானா?"

அதோடு அப்பா நேர்வழியை விட்டார். புதருக்குள் ஒளிந்தார். காவல்காரனை மலையில் இருந்து உதைத்துத் தள்ளினார். எதிரிகளின் கஞ்சிப் பானையில் எதையோ கலந்துவிட்டு, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். பிரபு வந்து "குலத்தின் மானம் போயிற்று" என்று திட்டினால், அந்த இடத்தை மட்டும் பட்டன் அமுக்கி ஓட்டிவிடுவார்.

"அந்தாளு சண்டைக்கு வர்றாரா பாரு" என்றார் அம்மா, வாசலில் நின்று மீன் சட்டியைத் துடைத்துக்கொண்டே. அம்மா ஞானேஸ்வரி, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கொழுந்து எடுத்தவர். "தொரை குடைக்குள்ள நின்னுக்கிட்டு, மழையில கொழுந்து நல்லா எடுங்கம்பாரே, அதே மூஞ்சி."

அம்மாவை டிவிக்கு முன்னால் உட்காரவைத்தவள் உப்புக்காரி. ஒஹாரு என்று பெயர். மலை தாண்டி உப்பு மூட்டை சுமக்கிறவள். நெற்றியில் பட்டி போட்டு, முதுகில் பாரம் தொங்கவிட்டு, குனிந்தே நடப்பாள். கென்ஸோவுக்கு வழி காட்ட வந்து, அவனோடேயே தங்கிவிட்டாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு இடத்தில் கென்ஸோ தன் மானத்தைப் பற்றி நீளமாகப் பேசுவான். அவள், "உன் மானத்தை நீயே தூக்கிக்கொள், எனக்கு உப்பே பாரம்" என்பாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா கையைத் தட்டினார்.

"நெத்தியில கயிறப் பாரு! தோட்டத்துக்காரிங்க அவ."

"அதான் வேல தெரிஞ்சவளா இருக்கா" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் ஒரு ஆளைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இனி தினுஷன். ஹுன்னஸ்கிரியப் பக்கம். அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்துகிற வேலை. நான் அர்கமின் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். அங்கே அவன் உடைந்த போனைக் கொண்டுவந்தான். திருத்தினேன். மறுபடி உடைத்துக்கொண்டு வந்தான். "இவன் போன ஒடைக்கிறானா, கடைக்கு வாறதுக்கு ஒடைக்கிறானா?" என்று அர்கம்தான் முதலில் கேட்டான். அம்மாவுக்கு விஷயம் தெரியும், சரி என்றுவிட்டார். தினுஷனின் அம்மா சீதா அடுத்த ஞாயிறு பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் அப்பா, "ஆளப் பாக்கணும், வரச் சொல்லு" என்றார். அந்த ஞாயிறுதான் நான் சொன்ன ஞாயிறு.

வருகிறவன் சும்மா வந்திருக்கலாம். அவன் கடைத்தெருவில் அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தான். அங்கே எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒரு கடை முதலாளி பருப்பு மூட்டை ஒன்று குறைகிறது என்று அப்பாவைச் சந்தேகப்பட்டாராம். அப்பா தோளில் கிடந்த சாக்கை உதறிவிட்டு நடந்தாராம். அன்றிலிருந்து அந்தக் கடை வாசலை மிதிக்காமல் ஊரைச் சுற்றித்தான் போகிறாராம். மானஸ்தன். நடந்ததும் உண்மை, சுற்றிப் போவதும் உண்மை. ஆனால் சுற்றிப் போவதற்குக் காரணம் அந்தக் கடையில் கட்டியிருக்கிற நாய். அது அப்பாவை இரண்டு தரம் கடித்திருக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆம்பளைகளுக்கு ஆம்பளை சொன்னால்தான் தகவல்.

தினுஷன் வெள்ளைச் சட்டை போட்டு, கதிரை நுனியில் உட்கார்ந்தான். அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. பள்ளத்தின் மேலே கட்டியிருந்த கயிற்றில் கென்ஸோவைத் தாண்டவைக்க முடியாமல் பல நாளாக அல்லாடிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி. ஒன்றை அமுக்கினால் மூன்று பட்டன் அமுங்கும்.

"தம்பிக்கு இது வருமா?"

"குடுங்க மாமா."

ஒரே மூச்சில் தாண்டிவிட்டான். அப்பாவின் முகம் மலர்ந்தது. இந்த இடத்தில் கல்யாணம் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே மீன்காரனின் ஹோர்ன் அடித்தது.

"மாப்புளைக்கு நல்ல மீனாப் பாப்போம். பாத்துக்க தம்பி, இந்தா வந்துர்றேன்."

அப்பாவும் அம்மாவும் இறங்கிப் போனார்கள். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தொடாமல் அவன் சும்மா இருந்திருக்க வேண்டும். பாத்துக்க என்றால் பார்த்துக்கொண்டிரு என்று அர்த்தம். இவன் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனதாக எடுத்துக்கொண்டான்.

பிறகு அவன் சொன்னபடி, திரையில் ஓர் அணைக்கட்டு வந்தது. மரத்தால் செய்த மதகுக் கதவு. உப்புக்காரி அதைத் தோளால் முட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கென்ஸோ அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனான். அப்போது தூரத்தில் முரசு. எதிரித் தலைவன் பெயர் சொல்லி ஒற்றைக்கு ஒற்றை அழைக்கிறான், பிரபு மேட்டில் நின்று பார்க்கிறார். கேம் கேட்டது: முரசுக்குப் பதில் சொல்கிறாயா, அவளிடம் திரும்பிப் போகிறாயா? திரும்பிப் போனால் இரண்டு பேருமாக மதகைத் திறந்துவிடலாம், கீழே தூங்கும் எதிரிப்படை அப்படியே வெள்ளத்தில் போகும். ஆனால் தூங்குகிறவனைக் கொன்ற பழி வரும், வாளைப் பிடுங்கிவிடுவார்கள். யோசிக்கத் தந்த நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

மாமா மானஸ்தன் என்று நினைத்துக்கொண்டு தினுஷன் முரசை அமுக்கினான்.

அப்பா மீன் பையோடு படியேறி வந்தபோது, திரையில் பூ கொட்டிக்கொண்டிருந்தது. எதிரித் தலைவன் முழங்காலில் கிடந்தான். தினுஷன் எழுந்தே நின்றுவிட்டான்.

"மாமா! பேர் சொல்லி, நேருக்கு நேர் நின்னு, ஜெயிச்சிட்டேன்!"

அப்பா திரையைப் பார்த்தார். "உப்புக்காரி எங்க?"

அதற்குப் பதில் போல படம் மாறியது. மதகு விழுந்து கிடந்தது. தண்ணீரில் ஓர் ஓலைத் தொப்பி சுற்றிக்கொண்டே போனது.

மீன் பை கை நழுவி விழுந்தது.

"மறுபடி போடு."

"போட ஏலாது மாமா" என்றான் தினுஷன். "இந்த கேம் அதுவாவே பதிஞ்சிரும். பின்னுக்குப் போகாது."

"கூடச் சேந்து தூக்குனவ" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவ தோள்ல பாரத்த வுட்டுட்டு, மேளம் அடிக்கிதுன்னு போயிருக்கான்."

நாட்டாமைகளுக்குள் சண்டை வரும், சாராயம் வரும், கெட்ட வார்த்தை வரும். ஆனால் இரண்டு பேர் ஒரு பாரத்துக்குத் தோள் கொடுத்தால், மற்றவனிடம் சொல்லாமல் ஒருவன் நழுவ மாட்டான். நழுவியவனோடு பிறகு யாரும் தூக்க மாட்டார்கள். மானம் என்று அப்பாவுக்கு ஒன்று இருந்தால் அது அவ்வளவுதான். தினுஷன் விசாரித்த ஆட்களில் ஒருத்தனும் அதைச் சொல்லவில்லை.

சாப்பாட்டில் அப்பா மீனைத் தொடவில்லை. "சாவு வீட்டுல மீனா?" என்றார். தினுஷன் வாயருகே கொண்டுபோன துண்டைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தான். அவன் கை கழுவும்போது அப்பா முடிவாகச் சொன்னார்: "அடுத்த ஞாயிறு யாரும் வர வேணாம். கருமாதி முடியாம நல்ல காரியம் பேசக் கூடாது."

"யாருக்குக் கருமாதி?" என்றார் அம்மா.

"செத்தவளுக்கு."

"ஒங்களுக்கு இடுப்பு நழுவிச்சா, மூளை நழுவிச்சா? டிவிக்குள்ள செத்தவளுக்குத் தீட்டா? நாளைக்கு நாடகத்துல மாமியாக்காரி செத்தா மொட்ட போட்டுக்குவீங்களா?"

"ரெண்டு மாசமா கூடவே நடந்தா ஞானேஸ். நீயுந்தான் பாத்த."

அம்மா கோப்பைகளை அடுக்கினார். பிறகு மெதுவாக, "பாவந்தான்" என்றார். அம்மாவும் அந்தப் பக்கம் சாய்ந்தால் என் கல்யாணத்தை மகாவலி ஆற்றில் விட வேண்டியதுதான்.

அடுத்த நாள் அம்மா எரிச்சலில் வேலிக்கு மேலால், "எங்க வீட்டுல சாவு, டிவிகூடப் போடக் கூடாதாம்" என்று ரபீகாக்காவிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் ரபீகாக்கா பெரிய சட்டியில் சோறும் பருப்பும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அக்கம்பக்கத்தார் கொடுக்கும் சாப்பாடு.

"ஆரு பிள்ள மவுத்து? தோட்டத்துப் பக்கமா?"

"உப்புச் சுமக்கிற ஒரு பொம்பள" என்றார் அப்பா உண்மையான துக்கத்தோடு.

"அல்லாவே. எந்த ஊரு?"

"ஜப்பான்."

ரபீகாக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் ரபீகாக்கா சட்டியைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா அந்தச் சோற்றையும் சாப்பிட்டார்.

நாள் போகப் போக அப்பா இளகுவார் என்று பார்த்தேன். இளகவில்லை. கேம் பெட்டிமேல் துவாயைப் போட்டு மூடி வைத்திருந்தார். சனிக்கிழமை தினுஷன் கடைக்கு வந்தபோது கேட்டேன்:

"ஒங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா, நாளைக்கு வர வேணாம்னு?"

அவன் கவுண்டரைச் சுரண்டினான்.

"என்னான்னு சொல்றது? பொண்ணு வீட்டுல சாவு, யாருன்னா கேம்ல ஒரு பொம்பள, நான்தான் சாவடிச்சேன்னா? அம்மா பலகாரமே சுட்டாச்சு. காலைல பஸ் ஏறுறாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன், அவன் நன்மைக்காக.

அர்கம் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "மச்சான், இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுட்டு நிக்கிற? அதே கேம் என்ட கிட்ட இரிக்கி. நான் அந்த அணைக்கட்டுக்கு முன்னுக்கே விட்டுட்டேன். என்ட பதிவ பென் டிரைவ்ல ஏத்தித் தாறேன், அந்தப் பெட்டிக்கு ஒத்துவாற மாதிரி நான் செஞ்சு தாறேன். கெழவர் இல்லாத நேரமாப் பாத்து போட்டுருங்க. வந்து பாத்தா அவ உசிரோட நிப்பா. கேம் தானா சரியாகிட்டுன்னு சொல்லுங்க."

"மாமாவ ஏமாத்துறதா?" என்றான் தினுஷன்.

"ஒன் மானத்தாலதான் ஒருத்தி செத்தா" என்றேன். "இப்ப என் கல்யாணத்தையும் சாவடிக்கப் போறியா? பென்ன வாங்கிட்டு வா."

ஞாயிறு காலை அப்பா சலூனுக்குப் போனார். தீட்டுக்காக வளர்த்த தாடி அரிக்கிறது, அதை எடுத்தால் உப்புக்காரி கோவிக்க மாட்டாள் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் தினுஷன் பின்பக்கத்தால் வந்தான். துவாயை எடுத்தோம். பென்னைக் குத்தினோம். திரையில் நீலக் கோடு ஊர ஆரம்பித்தது. அம்மா ஜன்னலில் காவல்.

"சீக்கிரம். ஒங்கம்மா பஸ்ஸு கிட்ட வந்திருக்கும்."

"அது ஊருற வேகத்துலதான் ஊரும் மாமி."

நீலக் கோடு பாதி வந்திருக்கும். "வர்றாரு! சலூன் மூடியிருக்கு போல!" என்று அம்மா கத்தினார். பென்னைப் பிடுங்கினால் எல்லாம் கெட்டுவிடும். டிவியை மட்டும் அணைத்துவிட்டு, துவாயைப் போட்டு மூடி, சும்மா பேசிக்கொண்டிருந்த மாதிரி நின்றால் போதும். நான் ரிமோட்டை எடுத்தேன். அப்பா ஒரு வாரத் தாடியைச் சொறிந்துகொண்டு வாசலில் கால் வைத்தார்.

தினுஷன் முன்னால் போய் நின்றான்.

"மாமா. நான் திருட்டுத்தனமா ஒரு வேலை செஞ்சிக்கிட்டிருக்கேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் வெளியே கேட்டிருக்கும்.

அவன் நிறுத்தவில்லை. பென், அர்கம், பின்கதவு, எல்லாவற்றையும் கொட்டினான். அவனுடைய அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதையும் சொன்னான். "இது நீங்க வெளையாண்டது இல்ல மாமா, இன்னொருத்தன் வெளையாண்டது. ஆனா அவ இதுல இருக்கா. வேணாம்னா இப்பவே கழட்டிர்றேன்."

அப்பா மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"பாதிக்கு மேல."

"அப்ப என்னாத்துக்குக் கழட்டுற? அறிவு இருக்கா ஒனக்கு? ஒரு உசிரு வருது, வேணாம்னா சொல்லுவாங்க?" பிறகு அம்மாவைப் பார்த்து, "திருட வந்தவன் வீட்டுக்காரன்கிட்ட வரவு சொல்றான். இவன எல்லாம் வச்சி என்னா பண்றது?" என்றார்.

"பொண்ணு குடுக்கிறது" என்றார் அம்மா. "பின்ன என்னா பண்றது? பொய் சொல்லத் தெரியாதவன் இவளுக்கு வசதிதானே."

நீலக் கோடு முடிந்தது. மதகு வந்தது. அதன் கீழே உப்புக்காரி, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கண்ணைத் துடைத்ததை நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். தினுஷனின் கையில் இருந்த பட்டன் பிடியை வாங்கிக்கொண்டார்.

அவர் தட்டுத் தடுமாறி மதகைத் தாண்டும்போது முரசு அடிக்க ஆரம்பித்தது. நேரம் ஓடியது. இஞ்சிக் கட்டைவிரல் சரியான பட்டனைத் தேடியது. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். யாரும் வாசலைப் பார்க்கவில்லை.

"மானம் போனா போகுது!" என்று அப்பா வீடு அதிரக் கத்தினார். "அவள இழுத்துக்கிட்டு வா!"

திரும்பிப் பார்த்தால், வாசலில் சீதா மாமி. கையில் பலகாரத் தட்டு, பின்னால் இரண்டு உறவுக்காரப் பெண்கள். மூன்று பேரின் முகத்திலும் ஒரே கேள்வி.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டமா?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"இல்ல, இல்ல, வாங்க, வாங்க!" அம்மா ஓடினார். விளக்கம் சொல்ல நேரம் இருக்கவில்லை. அப்பா அப்போதுதான் சரியான பட்டனை அமுக்கினார். கென்ஸோ முரசுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓடினான், உப்புக்காரியின் பக்கத்தில் தோளை வைத்தான், இரண்டு பேருமாக ஒரே மூச்சில் மதகை மேலே ஏற்றினார்கள். தண்ணீர் பாய்ந்தது. சீதா மாமி தட்டை இறக்கிவைக்க மறந்து நின்றபடியே பார்த்தார். பிரபு வந்து வாளைப் பிடுங்கி, குலத்தை விட்டுத் தள்ளிவைத்தபோது, முதல் தடவையாக அப்பா அந்த இடத்தை ஓட்டாமல் முழுதாகப் பார்த்தார்.

"இவன் யாரு குதிரையில?" என்றார் சீதா மாமி.

"மொதலாளி" என்றார் அப்பா.

"எங்க தோட்டத்துப் பெரிய கங்காணி மாதிரியே இருக்கான். நாசமாப் போவான்." அதோடு மாமி தட்டை அப்பாவின் மடியிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

பேச்சு அதற்குப் பிறகு சுலபமாக நடந்தது. தை பிறக்கட்டும், கோயிலில் சின்னதாக வைத்துக்கொள்வோம், வீண் ஆடம்பரம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போனார்கள். கருமாதியைப் பற்றி அப்பா மூச்சே விடவில்லை. செத்தவள் எழுந்து வந்தால் அதற்கு என்ன முறை என்று எந்த ஐயரும் சொல்லி வைக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த ரபீகாக்கா, "ஜப்பான்காரி எழும்பிட்டாவா?" என்று கேட்டு, ஒரு அதிரசத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சீதா மாமியும் கூட வந்தவர்களும் போன பிறகு அப்பா, உப்புக்காரியோடு மலையேறக் குதிரையை விசிலடித்துக் கூப்பிட்டார். அர்கமின் குதிரை வந்தது. கொழுத்த பழுப்புக் குதிரை, கழுத்தில் சிவப்பு ரிப்பன். தலைக்கு மேலே பெயர் எழுதியிருந்தது.

"என்னாடி போட்டிருக்கு?"

"கொத்துரொட்டி" என்று வாசித்தேன்.

"பேரு அதா?"

"அர்கம் பசியில இருக்கும்போது வச்சிருப்பான்."

"மாத்து."

"மாத்த ஏலாதாம் மாமா" என்றான் தினுஷன் அடுப்படியில் இருந்து. அவன் அங்கே அம்மாவுக்குக் கோப்பை கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் குதிரையை முறைத்துப் பார்த்தார். பிறகு அதில் ஏறாமல், உப்புக்காரிக்குப் பின்னால் மலைப் பாதையில் நடந்தே போனார்.